மெழுகுவத்தி வைத்து வளர்த்த கிருமி

எனக்கு யார் மீதும் சட்டென்று மரியாதை வந்துவிடாது. உடலுறவில் தொற்றும் வெட்டைநோயின் கிருமி மீது வந்தது.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. அந்தக் கிருமிக்கு இருக்கிற செல்லம் சொல்லி மாளாது. குளிர் பட்டால் செத்துவிடும், காய்ந்தாலும் செத்துவிடும். சூடாக்கிய ரத்தம் கலந்த தட்டில்தான் வளரும். அதற்குப் பிடித்த, கரியமில வாயு கூடிய காற்றுக்காகத் தட்டோடு ஒரு மெழுகுவத்தியையும் ஜாடிக்குள் ஏற்றிவைத்து இறுக மூடுவோம். அது தானாக அணைந்துவிடும். "மாதாவுக்கு ஏத்தாத மெழுகுவத்திய இதுக்கு ஏத்துறியேடி" என்பார் அம்மா.

ஒருநாள் பண்டசோழநல்லூரில் கரும்பு போட்டிருக்கும் கணவனும் மனைவியும் வந்தார்கள். அவளுக்கு நிறைமாதம். இருவருக்கும் இந்த நோய்தான். மருந்துக்கடை மாத்திரையில் தீரவில்லை.

"எவ்வளவு சாப்பிட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரே அட்டதாங்க. ஆளுக்குப் பாதியா துன்னோம். எங்க வூட்ல எதுவானாலும் அப்டித்தாங்க" என்றான் அவன், பெருமையாகவே.

"ஊசியையாவது பங்கு போடாதீங்கப்பா" என்று சொல்லி, இருவருக்கும் ஊசி போட்டார். அதற்கும் நோய் அடங்காவிட்டால், பிறக்கும்போதே குழந்தையின் கண்ணில் தொற்றும், பார்வையே போகலாம் என்றார். ஊசி மருந்து கேட்குமா என்பதை எங்கள் தட்டுதான் சொல்ல வேண்டும்.

அவர்களிடம் எடுத்த கிருமியைப் பரப்பிய தட்டில், மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை வைத்திருந்தேன். மருந்துக்குக் கிருமி அடங்கினால், வில்லையைச் சுற்றி வெறும் வளையம் தெரியும். மறுநாள் ஜாடியைத் திறந்து பார்த்தேன். மாத்திரை மருந்துகளின் வில்லைகளை ஒட்டி, அவற்றின் ஓரம் வரை வளர்ந்திருந்தது. குளிர்காற்றுக்கே சாகிற சீவனுக்கு இத்தனை நெஞ்சுரமா! ஊசி மருந்தைச் சுற்றி மட்டும் வளையம் இருந்தது. ஆனால் வழக்கமாக நான் பார்ப்பதைவிடச் சின்னது. கும்பிடலாம் போல இருந்தது, பயமாகவும் இருந்தது.

வெளியே காத்திருந்தவள் எழுந்து வந்தாள். "இன்னாக்கா, ஊசி கேக்குமா?"

"கேக்கும்மா. டாக்டரம்மா சொல்லுவாங்க, போ."

பிறகு குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தபோது, என்னிடம் காட்டத் தூக்கி வந்தாள். பெண் குழந்தை. என் கோட்டுப் பொத்தானையே கண்கொட்டாமல் பார்த்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இவள் பெரியவளாகும்போது அந்த வளையம் இருக்குமா என்றுதான் நினைத்தேன்.