மைனஸ் பதினாலில் கான்கிரீட்

போலந்தின் சுவால்கி ஊர்க் கொத்தனார் பொகுமிலுக்கு இருபத்தாறு குளிர்கால அனுபவம் உண்டு. அதைவிட அதிகமாக வாய்த்துடுக்கு உண்டு. அன்று காலை குளிர் மைனஸ் பதினாலு. தகரக் கொட்டகையில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வார்சாவிலிருந்து வந்த புது இன்ஜினியர் ராஃபால் முழங்கால்வரை பனியோடு நடந்தே வந்தார். பனிக்கால டயர் மாட்டாத கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம்.

"கோடை டயரோடவா வந்தீங்க சார்? நல்லவேளை, செருப்போட வரல," என்றார் பொகுமில்.

சிரிப்பு அடங்குவதற்குள் ராஃபால் சிடுசிடுத்தார். "இன்னிக்கே அஸ்திவாரத்துக்கு கான்கிரீட் போட்டாகணும். உறையாம இருக்க கெமிக்கல் கலந்துக்கலாம்."

"இந்தக் குளிர்ல கெமிக்கலே உறைஞ்சுடும் சார்."

"நான் படிச்சவன்யா!"

"தெரியுது. தெர்மாமீட்டரை மட்டும் படிக்கல போல."

பொகுமில் கரணையைத் தொடவே இல்லை. ராஃபால் பிடிவாதமாக வேறு ஆட்களை வைத்து ஒரு மூலைக்கு மட்டும் கான்கிரீட் ஊற்றவைத்தார். மூன்றாம் நாள் பொகுமில் பூட்ஸ் முனையால் லேசாகத் தட்டினார். விளிம்பு ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. ராஃபாலுக்கு முகம் செத்துப்போயிற்று.

"விடுங்க சார், எலிக்கு வளை தோண்ட வசதியாப் போச்சு," என்று சொல்லிவிட்டுப் பொகுமில் கடப்பாரை எடுக்கப் போனார்.