மூன்றுதரம் கேட்ட அறிவித்தல்

பெரியகல்லாற்றிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் யார் இறந்தாலும் அந்தச் செய்தி நோபேட்டின் குரலில்தான் வரும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். செத்த வீட்டுக்காரர் விபரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். வாவிக்கரையோரம் இருக்கும் தன் வீட்டின் பின்னறையில், யன்னலைச் சாத்திவிட்டு, அவர் அதை வாசித்துப் பதிவார். ஓட்டோக்காரன் சிவதர்ஷன் பதிவைப் போனில் வாங்கி, ஓட்டோவின் தலையில் கட்டிய ஒலிபெருக்கியில் போட்டபடி தெருத்தெருவாகப் போவான்.

நோபேட்டுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கசற் நாடாக் காலத்து அறிவித்தல்களைக் கேட்டுக் கேட்டே பழகினார். இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பன், இன்னாரின் மைத்துனர் என்று போகும்போது ஒவ்வொரு பெயருக்கும் பிறகு எத்தனை நொடி விட வேண்டும் என்பதில் மிகக் கண்டிப்பு. ஒரு பெயர் தடக்கினாலும் முதலிலிருந்து வாசிப்பார்.

ஆனால் பதிந்ததை ஒருநாளும் திருப்பிக் கேட்கமாட்டார். இந்தத் தொழிலில் அவருக்கு முன்பிருந்தவர்களும் கேட்டதில்லை. சாவு அறிவித்தல் தெருவில் கேட்க வேண்டியது. வீட்டுக்குள் கேட்டால் சாவு அந்த வீட்டை அடையாளம் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். ஆகவே கம்ப்யூட்டர் திரையில் எழுந்து விழும் அலைக்கோட்டை மட்டும் பார்ப்பார். உயரம் சரியென்றால் அனுப்பிவிடுவார்.

பழைய மைக் உப்புக்காற்றில் துருவேறிப் போனதும், கட்டாரில் வேலை செய்யும் மகள் டினுஷா வயரில்லாத ஹெட்செற் ஒன்றை அனுப்பினாள். வாசிப்பு நிதானமாக வருவதற்காக மெல்லிய வயலின் இசையொன்றைக் காதுக்குள் ஓடவிடுவது நோபேட்டின் வழக்கம். புது ஹெட்செற்றில் வயலின் பக்கத்தில் இருந்து வாசிப்பதுபோல் கேட்டது. பதிவைத் தொடங்கியதும் மட்டும் அது சட்டென்று ஒடுங்கி, அடுத்த வீட்டு ரேடியோவைப் போலாகிவிடும். நாம் பேசுவதற்கு இடம் விடுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை கதிர்காமத்தம்பியின் அடக்கம். நான்கு மணிக்குப் பிரேதம் எடுப்பதாக விடியவே நோபேட் அறிவித்தல் வாசித்து அனுப்பியிருந்தார். பகல் ஒரு மணிக்குச் சிவதர்ஷன் ஓட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

"மாமா, அங்க பிரேதத்த எடுக்க விடுறா இல்ல, அன்னப்பூரணி மாமி."

"பொஞ்சாதியா? ஏனாம்?"

"அவர் இன்னும் ரோட்டுல திரியுறாராம். தன்ர சாவத் தானே சொல்லிக்கொண்டு திரியுறாராம். வீட்டுக்கு வந்து சேராத ஆள எப்பிடித் தூக்கிற எண்டு கேக்கிறா. மூண்டுதரம் வாசலால போனவராம்." சிவதர்ஷன் குரலைத் தாழ்த்தினான். "நான் அவட வீட்டு ஒழுங்கைக்குள்ள ஒருக்காத்தான் போன நான், மாமா."

கதிர்காமத்தம்பிக்குப் போன வருடம் தொண்டையில் ஒப்பரேசன் நடந்தது. அதற்குப் பிறகு அவர் பேசினால் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல் இருக்கும்.

"எண்ட குரலப் போய் அவர்ர குரல் எண்டு ஆருடா சொல்லுவான்?"

"மூண்டு கிழமையா உங்கட குரலும் குடத்துக்குள்ள இருந்துதான் வருது. நோபேட்டுக்குப் பல்லெல்லாம் கழண்டு போச்சு எண்டு சனம் பகிடி பண்ணுது."

"நீ ஏன் சொல்லல்ல?"

"சொன்னா மறுகா ஆறு மாசத்துக்கு மூஞ்சிய நீட்டிக்கொண்டு இருப்பீங்களே!"

நோபேட் பின்னறைக்குப் போய் ஹெட்செற்றை மாட்டினார். பிறகு, இருபத்திரண்டு வருடத்தில் முதல்தடவையாக, தான் வாசித்த சாவைத் தானே கேட்டார்.

சொற்கள் அவருடையவை. விட்ட இடைவெளிகளும் அவருடையவைதான். குரல் அவருடையதல்ல. கூரெல்லாம் மழுங்கி, காற்றுப்போன ஒரு குரல், "கதிர்காமத்தம்பி அவர்கள் காலமானார்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போனது. போன மாதம் சந்தையில் கதிர்காமத்தம்பி இவரைக் கண்டு, "என்ன தம்பி, சுகமா?" என்று கேட்ட அதே குரல். ஹெட்செற்றைக் கழற்றி மேசையில் வைத்தார். வைத்த பிறகும் அது சன்னமாகப் பேசிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பார்க்க நேரமில்லை. நான்கு மணிக்குள் அந்தக் குரல் தெருவிலிருந்து போக வேண்டும். ஒரே வரியை இரண்டுதரம் பதிந்து கேட்டார். முதலாவது, ஹெட்செற்றின் மைக்கில். வயலின் ஒடுங்கியது, குடத்துக் குரல் வந்தது. இரண்டாவதுக்கு, கம்ப்யூட்டரிலேயே இருக்கும் மைக்கைத் தெரிவுசெய்தார். வயலின் பழையபடி விரிந்தது. குரலும் அவருடையதாகவே வந்தது. விசயம் அவ்வளவுதான். அந்த ஹெட்செற்றால் ஒரேநேரத்தில் நன்றாகக் கேட்கவும் பேசவும் முடியாது. அதன் மைக் திறந்தால் போகிற சத்தமும் வருகிற சத்தமும் பழைய ரெலிபோன் லைன் அளவுக்குச் சுருங்கிவிடும்.

இரண்டேகாலுக்குப் புதிய பதிவை அனுப்பினார். "பழசப் போனுல இருந்து அழி."

"விடிய ஒரு சுற்றுப் போட்டதுக்குப் பிறகு உடனயே அழிச்சிற்றன். மெமறி இல்ல," என்றான் சிவதர்ஷன். சொல்லிவிட்டு அவனே ஒருமாதிரிப் பார்த்தான்.

செத்த வீட்டில் ஆண்கள் முற்றத்தில் போட்ட கொட்டிலுக்குள் முணுமுணுத்தபடி நின்றார்கள். உள்ளே அன்னப்பூரணி பிரேதத்தின் தலைமாட்டில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நோபேட் அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். மைக், ஹெட்செற், ரெலிபோன் லைன் என்று வழிநெடுக ஒழுங்குபடுத்தி வந்த விளக்கத்தைத் தொடங்க வாயெடுத்தார். அப்போது ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்பியது. ஒவ்வொரு பெயரும் மணிமணியாக விழுந்தது.

அவள் தலையைச் சரித்துக் கேட்டாள். "இது உங்கட குரல், தம்பி."

"ஓமக்கா. விடியச் சொன்னதும் நான்தான். அந்த மைக்குல..."

அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். அறிவித்தல் வாசலைக் கடந்து, கோயில் பக்கம் போய்த் தேய்ந்தது. அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தெருப் படலைப் பக்கம் பார்த்தாள். பார்வை அங்கிருந்து முற்றத்தால், வாசற்படியால், மெதுவாக உள்ளே வந்தது. சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஒரு ஆள் கடந்துபோகுமளவு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வந்திற்றார்," என்றாள். "இனித் தூக்குங்க."

நோபேட் மிச்சத்தைச் சொல்லவில்லை. நான்கு மணிக்குப் பிரேதம் போனது.

இப்போதும் அவர்தான் வாசிக்கிறார், கம்ப்யூட்டரின் மைக்கில். அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒருதரம் கேட்கிறார், வாவிப் பக்கத்து யன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு. முதற் சொல் தன் குரலில் விழும்வரைக்கும் மூச்சு விடுவதில்லை.