கல்லைக் கிட்டத் தள்ளியவள்

டிப்ளமோ மெக்கானிக்கல் வகுப்பில் பெண்கள் நாங்கள் இருவர்தான். நான் திருத்தணி, அவள் பள்ளிப்பட்டு. இருவருக்குமே இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் அரியர். ஆடிக் கிருத்திகைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்த சமயம், மறுதேர்வுக்காக வேண்டிக்கொள்ள மலைக்குப் போய்விட்டு, சாலை வழியாக இறங்கி வந்தோம். வழியெல்லாம் அவள் நெம்புகோல் சூத்திரத்தை ஒப்பித்தாள். பாதியில் மறந்துபோய்ச் சிரித்தாள்.

வளைவில் ஒரே கூச்சல். ஒரு கரும்பு ஜூஸ் வண்டி இறக்கத்தில் உருண்டு, இரும்பு மெஷினோடு கவிழ்ந்து கிடந்தது. வண்டிக்காரரின் கால் அடியில் மாட்டியிருந்தது. "அய்யோ நைனா" என்று கத்தினார். நாலைந்து பேர் தூக்கிப் பார்த்தும் வண்டி அசையவில்லை.

பந்தலுக்கு வைத்திருந்த சவுக்குக் கட்டை ஒன்றை அவள் இழுத்து வந்தாள். ஒரு முனையை வண்டிக்கடியில் கொடுத்து, நடுவில் கருங்கல்லை முட்டு வைத்து, மூன்று ஆண்கள் மறுமுனையில் தொங்கினார்கள். கட்டைதான் வளைந்தது.

"கல்ல வண்டிகிட்ட தள்ளுங்கண்ணா" என்றாள்.

"நாங்க பாத்துகினுதானம்மா இருக்கோம். ஓரமா நில்லு" என்றார் ஒருவர்.

அவள் நிற்கவில்லை. குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கல்லை வண்டியை ஒட்டித் தள்ளினாள். "இப்ப அமுக்குங்க. ஏய், நீ அவர இழுடி!"

வண்டி நாலு விரல் உயரம்தான் எழும்பியது. அது போதுமாக இருந்தது. அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். கால் வெளியே வந்தது. எலும்பு உடையவில்லை என்று பிறகு தெரிந்தது. அன்று அவள் உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு.

தேர்வில் நான் தேறினேன். அவள் மறுபடியும் தோற்றுவிட்டாள்.

"அதே நெம்புகோல், திருப்புவிசை கணக்குதான்டி. சூத்திரம் ஞாபகம் வரல" என்றாள், ஒன்றுமே நடக்காதது போல. என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறு வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. நான் தொழிற்சாலை வேலைக்குப் போனேன். சில காலைகளில் ரயில் மணவூரைத் தாண்டும்போது அவளுக்கு ஃபோன் செய்வேன். போன மாதம் வீட்டு விசைத்தறியின் மோட்டார் சத்தம் போட்டதாம். மெக்கானிக் வரும்வரை காத்திருக்காமல் அவளே பிரித்துச் சரிசெய்தாளாம். அவள் சொல்லச் சொல்ல, எங்கள் கல்லூரி ஒர்க்‌ஷாப்பின் ஆயில் வாசனையும், காக்கிச் சட்டையில் பக்கத்தில் நின்ற அவளும் நினைவுக்கு வந்து, ரயில் திருவள்ளூரில் நின்றதையே நான் கவனிக்கவில்லை.