அசையாமல் பேசியவர்

சிம்மக்கல் பழ மண்டியில் ஆண்டிச்சாமி ஏலம் விட்டால் வைகைப் பாலத்தில் போகிறவனும் திரும்பிப் பார்ப்பான். அப்பேர்ப்பட்ட வாய்க்குத்தான் 2006-இல் கண் பட்டது. ஏலத்தின் நடுவில் பேச்சு நின்றுபோனது. சிறிது நேரத்தில் திரும்பி வந்தாலும், ஸ்கேனில் மூளைக்குள் கட்டி தெரிந்தது. அதுவும் பேச்சை நடத்துகிற இடத்துக்குப் பக்கத்தில்.

வெட்டி எடுத்தால் பேச்சும் சேர்ந்து போய்விடுமா? அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு ஸ்கேன். "குழாய்க்குள்ள படுத்துக்கிட்டு, பழங்களோட பேரை மனசுக்குள்ளயே சொல்லுங்க. பேச்சுக்கு வேலை செய்யற இடம் படத்துல தெரியும்" என்றார் டாக்டர் ரம்யாஸ்ரீ. மனசுக்குள்ளேயா! பழத்தின் பேரை நினைத்தாலே இவருக்குத் தலை ஏலத்துக்கு ஆடும். ஆடியும் படம் ஒருவழியாக வந்தது. அதில் பேச்சின் இடமும் கட்டியும் ஒன்றாக அப்பிக்கிடந்தன.

"இந்தப் படமே கட்டம் கட்டமாச் சேர்ந்து வர்றதுதான் ஐயா. இதுல ஒவ்வொரு கட்டமும் பெருசு. ரெண்டும் ஒரே கட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டா பிரிச்சுப் பார்க்க முடியாது. கட்டத்தைச் சின்னதாக்கி எடுப்போம். ஆனா அதுல மங்கலாத்தான் வரும், நேரமும் கூட ஆகும், தலை நெல்லளவு அசைஞ்சாலும் பாழ். பழம் வேண்டாம். வீட்டு ஆளுககிட்ட மனசுக்குள்ள பேசுங்க."

ஒத்தக்கடையில் இருக்கும் அவர் வீட்டில் ஆள் ஏது? மனைவி தங்கப்பொண்ணு செத்து ஆறு வருடம்; பிள்ளையும் இல்லை. பகலெல்லாம் ஊருக்கே கேட்கக் கத்துகிற மனுஷனை, பூட்டைத் திறந்து உள்ளே போனால் சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை. அவள் போன புதிதில் அவளோடு வாய்விட்டுத்தான் பேசினார். பக்கத்து வீட்டார் ஒரு மாதிரி பார்க்கவும், உதடுகூட அசையாமல் பேசப் பழகிக்கொண்டார். தினமும் சோற்றுத் தட்டின் முன்னால் அந்தப் பேச்சு நடக்கும். மண்டியில் தெரிந்தால் சிரித்தே கொன்றுவிடுவார்கள்.

குழாய் தடதடவென்று அலறியது. ஆண்டிச்சாமி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். பயமாக இருக்கிறது என்பதையும் சொன்னார். தலை அசையவே இல்லை.

படத்தைப் பார்த்த டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாருங்க, பேச்சு இடத்துக்கும் கட்டிக்கும் நடுவுல இடைவெளி நல்லாத் தெரியுது. பேச்சுக்குச் சேதமில்லாம எடுத்துரலாம்னு நம்பிக்கை இருக்கு. இம்புட்டு அசையாம யாருமே பேசினதில்ல! அப்படி யார்கிட்ட ஐயா பேசினீங்க?"

"எம் பொண்டாட்டிகிட்டம்மா."

"அப்ப ஆபரேஷன் அன்னைக்கு அவங்களையே கூட்டிட்டு வாங்க. துணைக்கு ஒரு ஆள் வேணும்ல."

"பேசத்தான் முடியும்மா" என்றார் ஆண்டிச்சாமி. "கூட்டியார முடியாது."