நானூறு மீட்டர் கார்

எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு ‘கிளட்ச் அக்கா’ என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. “கிளட்ச், கிளட்ச், கிளட்ச விடாதீங்க” என்ற அவருடைய குரல் தெருமுனை வரை கேட்கும். வயது ஐம்பதை நெருங்குகிறது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து, வலது கால் செருப்பு மட்டும் அவருக்குச் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதே பள்ளியில் சாலை விதிகள் வகுப்பு எடுப்பவன் நான். என்னை ‘விதி சார்’ என்பார்கள்.

எங்களிடம் பயின்ற மருந்துக்கடைக்காரர் ஒருவருக்கு ரிவர்ஸ் மட்டும் ஆகவே ஆகாது. பின்னால் இருக்கும் கம்பத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் நேராக அதன் மேலேயே கொண்டுபோய் விடுவார். மூன்றாவது முறை பம்பர் நசுங்கி வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது அக்கா ஒரு முடிவுக்கு வந்தார்.

“முட்டாம யாரும் கத்துக்க முடியாது சார். ஆனா என் வண்டிய முட்ட வேண்டாம். கம்ப்யூட்டர்ல முட்டட்டும்.”

கடையில் கிடைக்கும் கார் விளையாட்டுகளில் எல்லோரும் பறக்கிறார்கள். ஒருவரும் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதில்லை. எனவே தானே ஒன்றைச் செய்துவிடுவது என்று அக்கா கேம் இன்ஜின் ஒன்றை இறக்கிக்கொண்டார். கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள் அது. பாடத்துக்கு வீடியோக்கள் இருந்தன. மதியம் வகுப்பில்லாத நேரத்தில் அலுவலக மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொள்வார்.

காரை மேலிருந்து தரையில் இறக்கினால் அது இலை உதிர்வதுபோல் ஆடி அசைந்து கீழே வந்தது. எடையை ஏற்று என்றது ஒரு வீடியோ. ஏற்றினார், பலனில்லை. ஈர்ப்பு விசையைக் கூட்டு என்றது இன்னொன்று. கூட்டினார், கார் விழுந்தது, ஆனால் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் உதற ஆரம்பித்தது. உதறலுக்கு வேறொரு வீடியோ. அதைச் செய்ததும் கார் தரைக்குள் புகுந்து காணாமல் போய்விட்டது. சொல்லித்தந்தவர்களில் பாதிப் பேர் போன வாரம்தான் அதைக் கற்றுக்கொண்டிருப்பார்கள் போலிருக்கிறது. இந்த எண் ஏன் என்று கேட்டால், எனக்கு அது வேலை செய்தது என்பதுதான் அவர்களிடம் இருந்த பதில்.

“கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு சார்,” என்றார் அக்கா. ஆனாலும் விடவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு பெண் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். என்ன வேலை என்று கேட்டேன்.

“கேம்ல கார் எப்படி ஓடணும்னு புரோகிராம் எழுதுறேன் சார். சக்கரம், ஸ்டியரிங், பிரேக் எல்லாம்.”

“அப்போ இங்க எதுக்கும்மா?”

“எனக்கு நிஜக் கார் ஓட்டத் தெரியாது சார்.”

அக்கா திண்டாடிக்கொண்டிருந்த அதே கேம் இன்ஜினைத் தயாரிக்கும் நிறுவனத்தில்தான் அவருக்கு வேலை. அன்று காலை மூன்று முறை வண்டியை அணையவிட்டுச் சோர்ந்து இறங்கியவரை அக்கா கையோடு கணினி முன் உட்காரவைத்தார்.

“எடை எவ்ளோ வெச்சிருக்கீங்க அக்கா?”

“எண்பதாயிரம் கிலோ.”

அந்த இன்ஜினியர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “எடைய ஏத்தினா வேகமா விழாதுக்கா.” பிறகு ஒரு மனித பொம்மையைக் கொண்டுவந்து காரின் பக்கத்தில் நிறுத்தினார்.

“எங்க நிறுத்தினீங்க? காணோமே.”

“டயர் ஓரமா பாருங்க. எறும்பு மாதிரி.”

அக்கா பயன்படுத்திய கார் உருவத்தைச் செய்தவர் சென்டிமீட்டரில் அளந்திருந்தார். இன்ஜினோ அந்த எண்களை மீட்டராக எடுத்துக்கொண்டது. நான்கு மீட்டர் இருக்க வேண்டிய கார் நானூறு மீட்டர் நீளம். அவ்வளவு பெரியது விழுந்தால் மெதுவாக விழுவதுபோலத்தான் தெரியும். தரையும் பொருந்தட்டும் என்று அக்கா அதையும் இழுத்துப் பெரிதாக்கியிருந்ததால் சந்தேகமே வரவில்லை.

“இத்தன நாளா நான் கப்பல பார்க் பண்ணிட்டு இருந்திருக்கேன்,” என்றார் அக்கா.

இன்ஜினியர் அளவைத் திருத்தி, வீடியோக்கள் மாற்றச் சொன்னதையெல்லாம் பழையபடி வைத்தார். கார் தொப்பென்று விழுந்து, ஒருமுறை குலுங்கி நின்றது. நாங்கள் மூவரும் அதை இன்னும் நாலைந்து முறை விழவைத்துப் பார்த்தோம்.

“இத ஏன் நீங்க யாரும் சொல்லல?”

“கையேட்டுல இருக்கே அக்கா.”

“எங்க, காட்டுங்க.”

அவரே தேடிப் பிடிக்கச் சற்று நேரமானது. இருந்தது, எங்கோ மூலையில் ஒரு வரியாக.

“மூணு பெடல் இருக்கு, ஒவ்வொண்ணும் இது இது பண்ணும்னு சொல்லி உங்கள ரோட்டுல விட்டா எப்படிம்மா இருக்கும்? அந்த வீடியோக்காரங்களும் எனக்கு அதத்தான் பண்ணிருக்காங்க.”

“அவங்கள திட்டாதீங்க அக்கா. நாங்க சொல்லாம விட்டத அவங்க சொல்லப் பாத்தாங்க. தப்பு எங்க மேலதான்.”

அந்தப் பேச்சை இன்ஜினியர் அதோடு விடவில்லை. அலுவலகத்தில் கேட்டு, வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி வாங்கி, கார் பற்றிய பாடங்களை எழுதத் தொடங்கினார். முதல் பாடத்தை அக்காவிடம் கொண்டுவந்தார். அக்கா இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார்.

“கொலைடர்னா என்ன?”

“அது எல்லாருக்கும் தெரியுமே அக்கா.”

“விதி சார், உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். “பாருங்க. சாருக்குப் புரியுற மாதிரி எழுதுங்க, அப்புறம் உலகத்துக்கே புரியும்.” அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முட்டுவதை உணரும் கண்ணுக்குத் தெரியாத ஓடுதான் கொலைடர் என்று மறுவாரம் எனக்கும் விளங்கிவிட்டது. எழுதியதை அக்கா திருப்பிக் கொடுப்பதும், இன்ஜினியர் முகம் சுளித்துக்கொண்டே மாற்றி எழுதுவதுமாகச் சில மாதங்கள் ஓடின. கார் உதறினால் எதை முதலில் பார்க்க வேண்டும், ஏன், எதைத் தொடவே கூடாது என்று ஒவ்வொரு பாடத்திலும் இருந்தது. அந்தச் சக்கரத்துக்கு நிரல் எழுதிய ஒருவரால்தான் அப்படிச் சொல்ல முடியும். பாடங்கள் வெளியானதும் யார் யாரோ நன்றி எழுதினார்கள். பேருந்து விளையாட்டு செய்யும் ஒருவர், தன் பேருந்து பறப்பதை நிறுத்திவிட்டது என்று எழுதியிருந்தார்.

அக்காவின் விளையாட்டும் முடிந்தது. எங்கள் மைதானம், அதே கம்பம். மருந்துக்கடைக்காரர் அதைத் திரையில் ஆசை தீர முட்டினார். பிறகு ஒரு காலையில் நிஜ வண்டியை ரிவர்ஸில் கோட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். கொஞ்சம் கோணல்தான், ஆனால் கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஜினியருக்கும் இரண்டாவது தேர்வில் உரிமம் கிடைத்துவிட்டது.

இப்போது அந்த நிறுவனம், புதிய பாடங்களை முதலில் படித்துக் கேள்வி கேட்க அக்காவைப் புதன்கிழமைகளில் அழைக்கிறது. அங்கே பெரிய பெரிய நிபுணர்கள் அவர் உள்ளே வந்தாலே தாங்கள் எழுதிய பக்கங்களை அவசரமாகத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார்களாம். அன்றைக்கு அவருடைய வண்டி வகுப்பு, விதிகளைத் தவிர வேறெதுவும் கற்றுக்கொடுத்துப் பழகாத என் தலையில். போன புதன் புதிதாகச் சேர்ந்த ஒருவர் சாவியைத் திருகிவிட்டு, “இப்ப என்ன சார் செய்யணும்?” என்று என்னைப் பார்த்தார். “முதல்ல அக்காவுக்கு ஒரு போன் போடுவோம்,” என்றேன்.