கதிரையில் இருந்தவர்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. "நினைவிருக்கிறதை எழுதுங்கோ அம்மா" என்று மகள் கொப்பியைத் தந்தபடியால் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒன்பது வயதிருக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, ஆபிரிக்காவில் சாம்பியாவுக்குப் படிப்பிக்கப் போய், லீவில் வந்திருந்தார். வந்ததும் மட்டையில் ஒட்டிய ஒரு படத்தை முன்னறை அலுமாரியில் நிறுத்தி வைத்தார். கதிரையில் ஒரு கறுத்த மனிதர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் மாமா நிற்கிறார். அடியில் இருவரின் பெயரும் அச்சாகியிருந்தது.

"இவர்தான் எங்கடை பள்ளிக்கூடத்து அதிபர். அந்த நாட்டை இனி அந்த நாட்டாக்கள்தான் நடத்துவினம்" என்றார் மாமா, ஏதோ தன் சொந்தக்காரருக்கு உத்தியோகம் கிடைத்ததுபோல.

எங்கள் ஊரில் படம் பிடித்தால் பெரியவர் கதிரையில் இருப்பார், மற்றவர்கள் நிற்பார்கள். அது எனக்கும் தெரியும். மாமாவுக்குப் பெண் கொடுக்க ஆட்கள் வரவிருந்த நாளில், அம்மா அந்தப் படத்தைப் பார்த்து, "இவனுக்குப் பின்னாலையோ என்ரை தம்பி நிக்கிறான்?" என்றார். இடையில் சொன்ன ஒரு சொல்லை நான் எழுத மாட்டேன். மாமாவும் நிறத்தில் அந்த மனிதருக்குக் குறைந்தவரல்ல. அது எங்கள் கண்ணில் படவில்லை.

நான் கத்தரிக்கோலை எடுத்துக் கதிரையை, அதில் இருந்தவரை, பெயர்களை, எல்லாவற்றையும் குறுக்கே வெட்டினேன். மாமாவுக்கும் நெஞ்சுக்குக் கீழே இல்லாமல் போயிற்று. வெட்டின துண்டை அடுப்பில் போட்டேன்.

வந்தவர்களில் பெண்ணின் தகப்பன் அரைப் படத்தைப் பார்த்து, "தம்பி அங்கை பெரிய ஆளோ?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "மாமாதான் அதிபர்!"

"இல்லை ஐயா, நான் வெறும் வாத்தி. எனக்கு மேலை அந்த நாட்டுக்காரர் இருக்கிறார்" என்றார் மாமா.

சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லியனுப்பவே இல்லை. அதற்காக மாமா என்னை ஏசவில்லை.

"அந்தத் துண்டு எங்கை பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அடுப்பைக் காட்டினேன். குனிந்து சாம்பலைக் கிளறிக்கொண்டு சொன்னார்:

"அவர் கதிரையை எனக்குத்தான் தந்தவர். நான்தான் மாட்டன் எண்டு பின்னாலை நிண்டனான்."

கதிரை கிடைத்தும் ஒருவர் ஏன் நிற்பார்? எனக்கு விளங்கவில்லை.

இந்தக் குளிருக்கு, இப்போது நானும் மகளும் இருக்கிற கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கட்டடத்தில் ஹீட்டர் நின்றுபோனது. கொங்கோவில் இருந்து வந்த ஒரு பெண்தான் கதவு கதவாகத் தட்டி, எங்கள் எல்லோரையும் கட்டடச் சொந்தக்காரரிடம் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்து, அதைத் திருத்துவித்தாள். பிறகு எல்லோரும் படம் எடுத்தோம். இருந்தது ஒரே ஒரு கதிரை. அதை என் பக்கம் தள்ளினாள்.

"உங்களைத்தான் இருக்கட்டாம் அம்மா" என்றாள் மகள்.

"அவ இருக்கட்டும். எங்களை நடத்தினவ அவவெல்லோ" என்று பின்னால் போய் நின்றேன். நின்ற பிறகுதான் மாமாவின் நினைவு வந்தது. படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் குனிந்து நிற்கிறேன்.

மாமா இப்போது இல்லை. சாம்பியாவில் படிப்பித்த எங்கள் ஆட்கள் யாரிடமாவது அப்படி ஒரு படம் இருந்தால், நான் எழுதியது சரியா என்று பாருங்கள். கதிரையில் இருந்தவரின் பெயரையும் சொல்லுங்கள். அதை வாசிக்காமலே வெட்டிவிட்டேன்.