வராதீங்கம்மா

சனிக்கிழமை மதியம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வசந்தகுமாரி வீட்டுக்குப் போவதில்லை. தோளில் பையோடு நேரே ரைஸ் மில் களத்துக்குப் போய், அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருக்கும் பெண்களிடம், "சோறு துன்ன எவ்ளோ நேரம் வுட்டாரு?" என்று விசாரிப்பாள். மில் அவளுடைய அப்பா நமச்சிவாயத்துடையது. கேள்வி அவர் காதில் விழும். விழாத மாதிரி மோட்டார் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சென்னையில் சட்டக் கல்லூரி. இந்த எழுபத்தொன்பதில் அவளுக்குக் கடைசி வருஷம். தொழிலாளர் சட்டம் என்றால் உயிர். கிரிமினல் சட்டம் படிப்பவர்கள் கொலையைத் தேடி அலைய வேண்டும், தனக்கு வேண்டிய முதலாளி வீட்டிலேயே சாம்பார் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று ஹாஸ்டலில் சொல்லிச் சிரிப்பாள். பஸ்ஸில் டிக்கெட் வாங்குமுன், "காலைல எத்தினி மணிக்கு டூட்டி ஏறுனீங்க?" என்று கேட்பாள். உத்திரமேரூர் கண்டக்டர் ஒருவர் அவள் முன்பக்கம் ஏறினால் பின்பக்கம் போய்விடுகிறார்.

போன மாதம் அப்பாவுக்கே பாடம் எடுத்தாள். "வாடி போடின்னு கூப்புடாத நைனா. வேல செய்றவங்க அவங்க. வாங்க போங்கன்னு மரியாதயா பேசணும்." மகள் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத மனிதர். மறுநாளே களத்தில் 'ங்க' போட ஆரம்பித்தார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கோபம் வந்தால் நமச்சிவாயத்தின் வாயில் வருவது ஒன்றுதான்: "நாளைலேர்ந்து வராதடி." களத்தில் அதை வாங்காத ஆள் கிடையாது. வாங்கியவள் மறுநாள் வழக்கம்போல் வருவாள். அவரும் வழக்கம்போல், "இன்னாடி லேட்டு?" என்பார். வேலை நடக்கும்.

சென்ற வாரம் திடீரென்று தூறல். களத்துப் பெண்களில் மூத்தவளான பாஞ்சாலி நெல்லைக் குவித்து மூடுவதற்குள் ஒரு மூலை நனைந்துவிட்டது. அத்தனை கோபத்திலும் மகள் சொன்னது அவருக்கு நினைவிருந்ததுதான் வினை. "நாளைலேர்ந்து வராதீங்கம்மா" என்றார். பாஞ்சாலி கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சனிக்கிழமை விஷயம் தெரிந்ததும் வசந்தகுமாரி பாஞ்சாலியின் வீட்டுக்கு ஓடினாள். "இன்னாக்கா, எங்க நைனா வாய் உனக்குத் தெரியாதா?"

"வராதடின்னு சொல்லியிருந்தா வந்துருப்பேன் பாப்பா. வராதீங்கம்மான்னுட்டாரே. மரியாதயா சொன்னப்புறம் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?" வேறு மில்லில் கேட்டுப் பார்த்தாளாம், ஆள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது பாஞ்சாலியின் குரல் இறங்கிப்போனது.

வசந்தகுமாரிக்கு முகம் செத்துவிட்டது. புத்தகத்தில் எந்தப் பிரிவிலும் இல்லாத வேலைநீக்கம். அதற்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தவள் அவளேதான்.

ஞாயிறு காலை வீட்டுக் கூடத்தில் 'டொமஸ்டிக் என்கொயரி' நடந்தது. ஆளை நிறுத்துமுன் முதலாளி நடத்த வேண்டிய விசாரணை என்று வசந்தகுமாரி விளக்கினாள்.

"வூட்ல நடக்கறதால அந்தப் பேரா?" என்று கேட்டபடி அம்மா ஜெகதாம்பாள் எல்லாருக்கும் காபி கொடுத்தாள். பாஞ்சாலிக்கும்தான்.

நமச்சிவாயம் நெளிந்தார். "நான் எங்க அவள நிறுத்துனேன்? நீ சொன்னியேன்னு மரியாதயா பேசுனேன். அது ஒரு குத்தமா?"

மகள் பாஞ்சாலி பக்கம் திரும்பி, "உனக்கு இன்னா வேணும், நீயே சொல்லுக்கா" என்றாள்.

பாஞ்சாலி டம்ளரைக் கீழே வைத்தாள். "அவரு எப்டினா கூப்டட்டும். நீ சொல்லிக்கினே இருப்பியே பாப்பா, வாரத்துல ஒரு நாளு கூலியோட லீவுன்னு. அத எங்க எல்லாருக்கும் குடுக்கச் சொல்லு, வரேன்."

நமச்சிவாயம் மகளைப் பார்த்தார். மகள் விட்டத்தைப் பார்த்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. "சரி, ஞாயித்துக்கெழம எட்த்துக்குங்க எல்லாரும். நீ நாளைக்கி வந்துடு பாஞ்சாலி" என்றார். 'டி'யும் இல்லை, அவளுக்கென்று தனியாக 'ங்க'வும் இல்லை.

அடுத்த ஞாயிறு களத்தில் ஆளில்லை. முதல் நாள் அவித்த நெல் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை தொழிலாளர் சட்டப் பரீட்சை. வசந்தகுமாரி மில் சுவர் நிழலில் படித்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. நடுக்களத்தில் நின்ற அப்பா பழக்க தோஷத்தில், "பாஞ்சாலி" என்று குரல் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வசந்தகுமாரி புத்தகத்தைப் பைக்குள் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல்லில் இறங்கினாள்.

"நீ போய்ப் படிம்மா" என்றார் அப்பா.

"அவங்கல்லாம் லீவுல கீறாங்க நைனா" என்று சொல்லி, அவர் கையிலிருந்த பலகையை வாங்கி நெல்லைக் குவிக்கத் தொடங்கினாள்.